தோலில் வந்த அய்யனார்

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்தது என்பார்கள். வம்பெல்லாம் மீதிப் பாதியில்தான் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. திருக்கோகர்ணத்து அமிர்தவல்லிக்கு அந்த மீதிப் பாதி ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தது.

நடுவில் ஓரிரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தவர்களுக்காக, நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். அமிர்தவல்லியின் ஒரே மகள் சத்யா திருச்சியில் வேலை பார்க்கிறாள். அதே ஆபீசில் இருக்கும் வசந்தை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவனுக்கும் அப்படியே. இரண்டு வீடும் ஒரே ஜனம் என்பதால் பெரிய ரகளை எதுவும் நடக்கவில்லை. ஆனால் வசந்தின் அம்மா முத்துமாரியம்மாள் தன் அண்ணன் மகளை மனதில் வைத்திருந்தவள். மகன் பிடித்த பிடியில் நின்றதால் வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினாள்.

வேண்டாத மருமகள் கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பது ஊரறிந்த சங்கதி. வேண்டாத மருமகளைப் பெற்றவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைக்குமா? போன வாரம் முத்துமாரியம்மாள் திருக்கோகர்ணத்து வீட்டுக்கு வந்து, காபியைப் பாதி வைத்துவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு போனதைப் பார்த்தோம்.

சுளிக்கக் காரணம் இருந்தது. வீட்டில் முடி தீய்ந்த வாடை அடித்தது.

அது அமிர்தவல்லியின் வேலை. நில அளவை ஆபீசில் வரைவாளராக இருந்தவள் அவள். அடுத்தவர் வயல் வரப்பையெல்லாம் இம்மி பிசகாமல் வரைந்து வரைந்து கழுத்து எலும்பு தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகு கைக்கு வேலை இல்லை. சீரியல் பார்த்தாள், கோபம் வந்தது. ஒயர் கூடை பின்னினாள், தூக்கம் வந்தது. ஒருநாள் போனில் வேறு எதையோ தேடப்போய், சூடான முனை வைத்த பேனாவால் தோலில் படம் போடுகிற ஒருத்தியின் வீடியோ கண்ணில் பட்டது. அடுத்த வாரமே அந்தப் பேனா பார்சலில் வந்து இறங்கியது. கரண்டில் சூடாகும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு.

முதலில் சத்யாவின் பழைய ஹேண்ட்பேகை வெட்டியெடுத்துச் சுட்டாள். கிளம்பிய புகையில் அவளுக்குத் தலை சுற்றியது. பக்கத்து வீட்டு அமராவதி, "அக்கா, ஒயரு தீயுது, மெயினை அமத்துங்க" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். கடையில் விற்கும் பை, பர்ஸ் எல்லாம் பெரும்பாலும் கெமிக்கலில் பதனிட்ட தோல், அதைச் சுட்டால் புகை விஷம், மரப்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தோல்தான் இதற்கு ஆகும் என்பதெல்லாம் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. திண்டுக்கல்லிலிருந்து அந்தத் தோலை வரவழைத்தாள். கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே ஒரு மேசை போட்டு, டேபிள் ஃபேனால் புகையை விரட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாட்டுக்குச் சூடு போட்டுப் பாத்திருக்கேன். நீ செத்த மாட்டையும் விடமாட்டேங்கிறியே" என்று அவள் கணவர் சிவசாமி கேலி செய்தார். கூட்டுறவு சொசைட்டியில் செக்ரட்டரியாக இருந்த மனிதர். கேலியோடு நின்றவர், சம்பந்தியம்மாள் மூக்கைச் சுளித்த நாளிலிருந்து கேலியை விட்டுவிட்டார். பேச்சையும் பாதி விட்டுவிட்டார்.

அமிர்தவல்லிக்கு இது ஒரு பொழுதுபோக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் பார்த்தால், அவள் என்ன படிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் அப்பா. வேலைக்கு மனுப்போட்டவர் அண்ணன். மாப்பிள்ளையைப் பிடித்தவர் தாய்மாமன். ஓய்வு வாங்கச் சொன்னவர்கூட எலும்பு டாக்டர்தான். யாரும் சொல்லாமல் அவளாகப் பிடித்துக்கொண்டது இந்தச் சூட்டுப் பேனா ஒன்றைத்தான்.

*

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று சிவசாமி வாசலில் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

போகிற காரியம் சின்னதல்ல. மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரையில் இருக்கும் அய்யனார். முதல் பத்திரிகையைப் பெண்ணைப் பெற்றவள் கையால் அந்தச் சாமிக்கு வைக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதற்குப் பிறகுதான் ஊருக்குப் பத்திரிகை.

உள்ளே அமிர்தவல்லி பழம், பூ, வெற்றிலையைத் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்யா பீரோவைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்துவந்து தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பத்திரிகை வைப்பதற்கான தோல் உறை அது. மேலே வெள்ளைக் குதிரையில் அய்யனார் உட்கார்ந்திருந்தார். கையில் செண்டு என்கிற வளைந்த கோல், கோலி விளையாடும் பையனுக்குக்கூடப் பயம் வராத சாந்தமான முகம், குதிரையின் காலடியில் இரண்டு நாய்கள், நாலு ஓரத்திலும் வேப்பிலைக் கொடி. வசந்த் அனுப்பிய போட்டோவைப் பார்த்து அமிர்தவல்லி போட்டது. குதிரையின் பிடரி மயிருக்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று.

"இதை எதுக்குடி எடுத்த? அன்னிக்கே அந்தம்மா மூஞ்சி போன போக்கப் பாத்தேல்ல."

"அது வாடைக்கும்மா. இதுல வாடையே இல்ல பாரு. அத்தை இதைப் பாத்தாங்கன்னா அசந்து போயிருவாங்க. அவங்க சாமிய இவ்வளவு அழகா யாரு போட்டுருக்கா?"

"வேணாம் சத்யா. தாம்பாளத்துல வச்சுக் குடுத்துட்டு வந்துருவோம்."

"அப்ப எதுக்கு இம்புட்டு நாளு குனிஞ்சு கெடந்த? பீரோவுக்குள்ள வைக்கவா? நான் சொல்றேன்ல, எடுத்துக்க. எதுவானாலும் நான் பாத்துக்கறேன்."

அமிர்தவல்லிக்கும் ஆசைதான். தன் கைவேலையை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று நிஜமாகவே நினைக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. உறையைத் துண்டோடு பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வாடகைக் கார் அறந்தாங்கியைத் தாண்டியது. சிவசாமி முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

"இந்தா பாரு அமிர்தம். இன்னிக்கு ஒரு பொழுதாவது தோலு, சூடுன்னு வாயத் தொறக்காத. புள்ள கல்யாணம்."

"நான் எதுக்குத் தொறக்கப்போறேன்" என்றாள் அமிர்தவல்லி. பை மடியில் இருந்தது. சத்யா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

*

கண்மாயில் தண்ணீர் இல்லை. கரை நெடுக மண்குதிரைகள் வரிசையாக நின்றன. சிலவற்றுக்கு வாய் இல்லை, சிலவற்றுக்குக் கால் இல்லை. புதிதாக வைத்தவற்றில் சுண்ணாம்பு பளிச்சென்று இருந்தது. வரிசையின் முடிவில் ஓட்டுக் கொட்டகையும் சின்னக் கருவறையுமாக அய்யனார் கோவில். கருவறைப் படிக்கு வெளியே, வெட்டவெளியில், நட்டுவைத்த அரிவாள்களுக்கு நடுவில் கருப்பர்.

மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே வந்து பொங்கலுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். முத்துமாரியம்மாள் எழுந்து வந்தாள்.

"வாங்க மதினி, வாங்கண்ணே. ரோடு நல்லா இருந்துச்சா?"

வாய் வரவேற்றது. கண் அமிர்தவல்லியின் தலைப்பூவிலிருந்து கைப்பை வரை ஒரு தடவை இறங்கி ஏறியது. முத்துமாரியம்மாளின் கணவர் ரெங்கராஜ் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். கொட்டாவிக்குத் தவிர வாயைத் திறப்பதில்லை என்று விரதம் இருப்பவர்போல அந்த மனிதர் கைகூப்பியதோடு சரி. வசந்த் சத்யாவைப் பார்த்தான். சத்யா பொங்கல் பானையைப் பார்த்தாள். அந்த வயதில் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

பால் பொங்கி வழிந்தது. குலவைச் சத்தம் போட்டார்கள். பூசாரி முனியசாமி வேளார், கரையில் நிற்கும் மண்குதிரைகளைச் செய்கிறவரும் அவர்தான், கருவறைக்குள் போய் விளக்கைத் தூண்டிவிட்டு, படிக்கு உள்ளே நின்றுகொண்டு கையை நீட்டினார்.

"பொண்ணப் பெத்தவங்க பத்திரிகைய எடுத்துக் குடுங்கம்மா."

சத்யா அம்மாவின் முழங்கையை மெல்லத் தட்டினாள். அமிர்தவல்லி துண்டைப் பிரித்து, பத்திரிகை வைத்த உறையைத் தாம்பாளத்தின்மேல் வைத்து நீட்டினாள். வெயில் பட்டதும் குதிரை தோலைவிட்டு எழுந்து வருவதுபோல இருந்தது. வசந்த் "அட" என்றான்.

பூசாரியின் கை பாதியில் நின்றது.

"என்னம்மா இது?"

"பத்திரிகைக்கு உறைங்க. நானே போட்டது. அய்யனாரு."

"அய்யனாருன்னு தெரியுதும்மா. எதுல போட்டிருக்கீங்க?"

"தோலுங்க."

பூசாரி கையை இழுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். "ஆத்தாடி!" என்று முத்துமாரியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமிர்தவல்லிக்குப் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, குலதெய்வம் அம்மன். கிடாய் வெட்டினால் அம்மன் கண்முன்னால்தான் வெட்டுவார்கள். இங்கே நடைமுறை வேறு. அய்யனார் சைவம். அவருக்குச் சர்க்கரைப் பொங்கலும் பழமும்தான். கிடாய், சுருட்டு, சாராயம் எல்லாம் படிக்கு வெளியே நிற்கும் கருப்பருக்கு. அந்தக் கிடாயை வெட்டும்போதுகூட, ரத்தம் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அய்யனாருக்கு முன்னால் திரையை இழுத்துவிடுவார்கள். ஒரே கோவில்தான், இரண்டுக்கும் நடுவில் ஒரு படிதான். அந்தப் படியைத்தான் அமிர்தவல்லி ஒரு தாம்பாளத்தோடு தாண்டப் பார்த்தாள்.

"கெடா வெட்டுறப்பவே திரை போட்டு மறைக்கிற சாமி மதினி அது" என்றாள் முத்துமாரியம்மாள். "அவரையே கொண்டுபோயி மாட்டுத்தோலுல ஒக்கார வச்சுருக்கீங்க. அதுல எம்மகன் பேரு போட்ட மொதப் பத்திரிகை! இது யாரு யோசனை?"

சத்யா வாயைத் திறந்தாள். முத்துமாரியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"எம் யோசனைதான்" என்றாள் அமிர்தவல்லி.

சிவசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "அதை எடுத்து அங்கிட்டு எறி மொதல்ல."

"எறியக் கூடாதுங்கய்யா. சாமி படம்" என்றார் பூசாரி.

"அப்ப அடுப்புல போட்டுருவோம்."

"சாமியவா அடுப்புல போடுவீங்க?"

"வீட்டுக்கே கொண்டு போயிர்றோம், விடுங்க."

"தோலுல இருக்குற சாமிய எந்த வீட்டுல வச்சுக் கும்பிடப்போறீங்கண்ணே?" என்றாள் முத்துமாரியம்மாள்.

எறிய முடியாது, எரிக்க முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. எல்லோரும் அந்த உறையைச் சுற்றி நின்றார்கள். ரெங்கராஜ் அன்று முதன்முதலாக வாயைத் திறந்து, "தண்ணியில விட்டுட்டா?" என்றார். பூசாரி கண்மாயைக் காட்டினார். அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ரெங்கராஜ் வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கு மனசு சரியில்ல" என்றாள் முத்துமாரியம்மாள். குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்ததை அமிர்தவல்லி கேட்டாள். "சகுனம் இப்புடி ஆயிப்போச்சு. பத்திரிகைய இப்ப வைக்க வேணாம். தேதிய அப்பறமாப் பாத்துக்கலாம்."

"அம்மா, இதுக்குப் போயி..." என்று ஆரம்பித்தான் வசந்த்.

"நீ சும்மா இருடா. ஒனக்குச் சாமியும் தெரியாது, சகுனமும் தெரியாது."

தேதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த கல்யாணங்களில் எத்தனை நடந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். சத்யாவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைக்கக் கை எழவில்லை.

அமிர்தவல்லி மகளைப் பார்க்க முடியாமல் குனிந்து படத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, பயந்துகொண்டிருந்த அம்மா நகர்ந்துபோய், வரைவாளர் வந்து உட்கார்ந்தாள். சுட்டது சுட்டதுதான். இதில் ரப்பர் போட்டு அழிக்க முடியாது. ஆனால் கோடு சேர்க்க முடியும்.

"பூசாரி, ஒண்ணு கேக்குறேன். இந்தக் கையில செண்டு இல்லாம அரிவா இருந்தா, இது யாரு?"

முனியசாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அரிவா இருந்தாக் கருப்பரும்மா."

"மீசைய மேல முறுக்கிவிட்டா?"

"கருப்பரேதான்."

"குதிரை வெள்ளையா இருக்கே?"

"அவருக்கும் வெள்ளைக் குதிரைதான். நாயும் உண்டு."

"கருப்பருக்குத் தோலு ஆகுமா?"

பூசாரி வெளியே திரும்பினார். கருப்பரின் காலடியில் யாரோ நேர்ந்துகொண்டு வைத்த பெரிய செருப்புகள், ஆணி அடித்து, இரண்டு ஜோடி கிடந்தன.

"செருப்பே தோலுதானம்மா."

"என்ன வெளையாட்டு இது!" என்று முத்துமாரியம்மாள் சீறினாள். "அய்யனாரக் கருப்பராக்குறதா?"

"நாங்க வருசா வருசம் அதைத்தானம்மா செய்யுறோம்" என்றார் பூசாரி. "ஒரே கண்மாய் மண்ணுதான். அரிவாளக் குடுத்தா அவரு, செண்டக் குடுத்தா இவரு. கண்ணு தெறந்து பூசை போடுற வரைக்கும் பொம்மைதான். இதுக்கு யாரும் இன்னும் பூசை போடல. எனக்கு ஆட்சேபம் இல்ல."

பூசாரிக்கே ஆட்சேபம் இல்லாதபோது சம்பந்தியம்மாள் என்ன செய்வாள்? முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சூட்டுப் பேனா திருக்கோகர்ணத்தில் இருந்தது. இருந்தாலும் இங்கே மாட்ட பிளக் இல்லை. பூசாரி குதிரைக்குச் சலங்கை கோக்கிற கோணி ஊசியைக் கொண்டுவந்தார். வசந்த் யாரையும் கேட்காமல் கார்ப் பக்கம் போய், டிரைவரிடமிருந்து ஒரு பிளையரை வாங்கிவந்து அமிர்தவல்லியிடம் நீட்டினான். முத்துமாரியம்மாள் மகனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோயிருக்கும்.

பொங்கல் அடுப்பின் கங்கில் ஊசியைச் செருகினாள் அமிர்தவல்லி. சிவந்ததும் எடுத்து உறையின் மடிப்புக்குள் ஓரமாக வைத்துப் பார்த்தாள். உஸ்ஸென்று தோல் சுருங்கிப் பொசுங்கியது. சூடு அதிகம். மறுபடி காய்ச்சி, மூச்சை நாலு தடவை இழுத்து விடும்வரை ஆறவைத்து, வைத்தாள். கோடு பழுப்பாக, ஒழுங்காக விழுந்தது. ஒரு கோட்டுக்குள் ஊசி ஆறிவிடும். மறுபடி கங்கு, மறுபடி கோடு. செண்டின் நுனியிலிருந்து வளைவாக ஓர் அரிவாள் வளர்ந்தது. மெல்லிய மீசைக்கு மேல் இன்னொரு மீசை ஏறி, கன்னம் வரை போய் முறுக்கிக்கொண்டது. புருவத்தை இரண்டே இழுப்பில் நெரித்தாள். சாந்தமான முகத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

புகை எழுந்தது, வாடை எழுந்தது. அமிர்தவல்லிக்குக் கண் எரிந்தது, கழுத்து வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது. மகள் கல்யாணம் ஊசிமுனையில் நிற்கும் நேரத்தில் இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் வந்தது.

பூசாரி உறையை வாங்கிப் பார்த்தார். கொண்டுபோய்க் கருப்பரின் காலடியில், ஆணிச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார். பத்திரிகையை வெறும் வெற்றிலைமேல் வைத்து அய்யனாருக்குக் காட்டினார். மணி அடித்தது. தீபாராதனை ஆயிற்று. சிவசாமி பெருமூச்சு விட்டார்.

*

கற்பூரத் தட்டோடு பூசாரி படியிறங்கினார். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முத்துமாரியம்மாள் ஒற்றிக்கொண்டு, தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சாமி காரியம் முடிஞ்சுச்சு. மனுசங்க காரியம் ஒண்ணு பாக்கி இருக்கு மதினி."

"சொல்லுங்க."

"எங்க வீட்டுக்கு வாற மருமக. நாளைக்கு அவ பெத்த புள்ளையும் ஒங்க வீட்டுல வந்து தவழும். சாமிய எதுல வைக்கலாம், எதுல வைக்கக் கூடாதுன்னு தெரியாத வேலை நமக்கு வேணாம். இனிமே இந்தத் தோலத் தொடமாட்டேன்னு கற்பூரத்து மேல கைய வச்சு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாளைக்கே ஊருக்குப் பத்திரிகை வைக்கத் தொடங்கிருவோம்."

"அம்புட்டுத்தானே!" என்றார் சிவசாமி, கடன் தள்ளுபடி கிடைத்தவர் மாதிரி. "சொல்லிரு அமிர்தம்."

அமிர்தவல்லி அவரைப் பார்க்கவில்லை. சத்யாவைப் பார்த்தாள். பேனா பார்சலில் வந்த அன்று பெட்டியைப் பிரித்தவள் சத்யா. முதல் படத்தை ஆபீஸ் முழுக்கக் காட்டியவள் சத்யா. எதுவானாலும் நான் பாத்துக்கறேன் என்று காலையில் சொன்னவளும் அவள்தான்.

சத்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லிரும்மா" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை அமிர்தவல்லிக்கு நன்றாகவே வலித்தது. கணவர் சொன்னதை அவள் எதிர்பார்த்திருந்தாள். சம்பந்தி கேட்டதைக்கூட ஏதோ ஒரு நாள் கேட்பாள் என்று தெரிந்திருந்தது. இதை எதிர்பார்க்கவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. முன்னால் போய்க் கற்பூரச் சுடருக்கு மேல் உள்ளங்கையைக் காட்டினாள்.

"எம்மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் நான் தோலத் தொடமாட்டேன். இது சத்தியம்."

முத்துமாரியம்மாள் தட்டை நகர்த்தவில்லை. "அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் தொடுவேன் மதினி. தொடமாட்டேன்னு சொன்னா அது பொய்யி. ஒங்க சாமி முன்னாடி கற்பூரத்துல கை வச்சுப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

சிவசாமி, "ஏய்!" என்றார். பூசாரி மறுபடி படியேறிப் போய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார்.

முத்துமாரியம்மாளுக்குக் கோபம் வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவளுக்குக் கோபம் வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். இந்த முறை நிஜமாகவே ஆட்டினாள்.

"நெசத்தச் சொன்னீங்க. சந்தோசம். ஒங்க கை, ஒங்க இஷ்டம். நான் யாரு கேக்குறதுக்கு?" தட்டில் சுடர் சிறுத்திருந்தது. இடுப்புப் பையிலிருந்து இன்னொரு கற்பூரத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். குப்பென்று பிடித்துக்கொண்டது. "ஆனா எம் மருமகளக் கேக்கலாம்ல. சத்யா, இங்கிட்டு வாம்மா."

சத்யா வந்தாள்.

"தாலி ஏறுன பெறகு, தோல் வேலை நடக்குற வீட்டுப் படியேற மாட்டேன்னு நீ சொல்லு. ஆடிக்கும் சரி, தீவாளிக்கும் சரி, தலைப்பிரசவத்துக்கும் சரி. நான் பாத்துக்கறேன் எல்லாத்தையும். ஒரு வார்த்தைதான். சொல்லிரும்மா."

அதே வார்த்தை. அவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடியதுதானா அது என்று சத்யா அப்போதுதான் யோசித்தாள் போலிருக்கிறது. வசந்தைப் பார்த்தாள். வசந்த், "அம்மா, இது அதிகம்" என்றான். முத்துமாரியம்மாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. சத்யா அம்மாவைப் பார்த்தாள்.

அமிர்தவல்லிக்கு ஒரு சொல் போதும். நான் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டால் மகளின் கை தட்டுக்குப் போக வேண்டியதில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் சத்யா முந்திக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போயி யோசிச்சுச் சொல்றேன் அத்தை."

முத்துமாரியம்மாள் தட்டை இறக்கவில்லை.

"எந்த வீட்டுக்கு?"